அம்மாவின் சிட்டுக்குருவியும் என் பன்னிரண்டு அறை வீடும்

கொல்லையில் கம்பம் நட்டது கொசுவுக்காகத்தான். ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே ஒரு புறநகரில் 2017இல் வீடு வாங்கினோம். ஏப்ரல் பிறந்துவிட்டால் பொழுது சாயும் நேரத்தில் வெளியே நிற்க முடியாது. ஒரு கடையில் பன்னிரண்டு அறை கொண்ட வெள்ளை அலுமினியப் பறவை வீட்டைப் பார்த்தேன். பர்ப்பிள் மார்ட்டின் என்ற பறவை நாளொன்றுக்கு இரண்டாயிரம் கொசு தின்னும் என்று அட்டையில் போட்டிருந்தது. யோசிக்காமல் வாங்கிவிட்டேன்.

அது 1960களில் கிளம்பிய விற்பனைக் கதை என்று பின்னால்தான் தெரிந்தது. மார்ட்டின் பகலில், உயரத்தில் இரை தேடும். கொசுக்கள் பெரும்பாலும் அந்தி மயங்கிய பிறகு தரையை ஒட்டித் திரியும். இரண்டும் சந்தித்துக்கொள்வதே அபூர்வம். மார்ட்டின் விரும்பித் தின்பது தட்டான், வண்டு, ஈசல் மாதிரியான பெரிய பூச்சிகள். கொசுவைத் தின்கிற தட்டானை என் வீட்டுப் பறவை தின்கிறது. இதுதான் நான் செய்த கொசு ஒழிப்பு.

ஆனாலும் கம்பத்தை நான் பிடுங்கவில்லை. காரணம் அந்தப் பறவைதான். நம் ஊர்த் தகைவிலான் குருவிக்கு உறவு. வட அமெரிக்காவின் தகைவிலான்களில் இதுதான் பெரியது. வளர்ந்த ஆண், வெயில் படும்போது கருநீலமும் ஊதாவுமாகப் பட்டுப்போல மினுங்கும். பெண்ணுக்கு வயிறு சாம்பல். குளிர்காலம் முழுக்க பிரேசில் பக்கம் இருந்துவிட்டு ஜனவரி கடைசியில், பிப்ரவரியில் டெக்சஸ் கரையோரம் வந்து சேரும். ராக்கி மலைக்குக் கிழக்கே இருக்கிற மார்ட்டின்கள் இன்று ஏறக்குறைய முழுவதும் மனிதர்கள் வைக்கும் கூடுகளில்தான் குஞ்சு பொரிக்கின்றன. இந்தப் பழக்கம் வெள்ளையர் வருவதற்கு முந்தையது. சோக்டா, சிக்கசா போன்ற பழங்குடியினர் காய்ந்த சுரைக்குடுக்கையில் துளையிட்டுக் கம்பத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். நம் தாத்தாக்கள் விதை போட்டு வைத்த அதே குடுக்கை.

முதல் வருடம், 2018 மார்ச்சில், கம்பத்தை சிமெண்ட் போட்டு நட்டேன். ஏணி இல்லாமல் எட்ட முடியாத உயரம். பத்தடியில் ஒரு ஓக் மரம். எல்லாக் கதவும் திறந்தபடி. இந்த நான்குமே தப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஐந்தாம் நாள் காலை ‘கீச் கீச்’ என்று சத்தம். ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தால் சிட்டுக்குருவி! தொண்டையில் கறுப்புத் திட்டோடு ஒரு ஆண், கூரை விளிம்பில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் ஊரில் அறுவடை முடிந்ததும் அம்மா முதல் கதிரைக் கொத்தாகக் கட்டித் தாழ்வாரத்து விட்டத்தில் தொங்கவிடுவார். குருவி வந்து கொத்தும். கண்ணாடிக்குப் பின்னால் கூடு கட்டினால் அந்தக் கண்ணாடியைத் தொடக்கூடாது. தலையை அங்கே இங்கே வளைத்துத்தான் தலைவாருவோம். இப்போது ஊரில் குருவியைக் காணோம் என்று, உலகச் சிட்டுக்குருவி தினமான மார்ச் 20 வந்தால் பெட்டி செய்து மாட்டுகிறார்கள். இங்கே அழைக்காமலே வந்து நிற்கிறது. அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். “மகாலட்சுமிடா தம்பி” என்றார்.

மே மாதத்துக்குள் பன்னிரண்டு அறையில் ஏழில் குருவி. வைக்கோல், கோழியிறகு, பிளாஸ்டிக் பட்டை, யாரோ வீட்டு நாய் மயிர் என்று அறை முழுக்கத் திணித்துக் கூரைபோட்ட கூடு. ஒரு ஜோடி மார்ட்டின் வந்து இரண்டு நாள் வட்டமடித்துவிட்டுப் போனது. பின்தெருவில் இருபது ஆண்டுகளாக மார்ட்டின் வைத்திருக்கும் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற எண்ணெய்க் கிணற்று ஆள், வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துச் சொன்னார்: “நல்ல குருவிப் பண்ணை. மார்ட்டின் வீடு எப்போது வைக்கப் போகிறீர்கள்?”

அவர்தான் வரலாற்றைச் சொன்னார். சிட்டுக்குருவி இந்த மண்ணின் பறவை இல்லை. 1850களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் புரூக்ளினில் கொண்டுவந்து விட்டார்கள். ஸ்டார்லிங் என்ற இன்னொரு அந்நியப் பறவை 1890இல் வந்தது. யூஜீன் ஷிஃப்லின் என்பவர் சென்ட்ரல் பார்க்கில் அறுபது சொச்சம் பறவைகளைத் திறந்துவிட்டார், மறு வருடம் இன்னும் நாற்பது. இரண்டும் கண்டம் முழுக்கப் பரவிவிட்டன. இரண்டும் குளிர்காலத்திலும் இங்கேயே இருக்கும். மார்ட்டின் ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து சேரும்போது நல்ல அறையெல்லாம் ஏற்கெனவே பிடிபட்டிருக்கும். குருவி வருடத்துக்கு மூன்று ஈடு பொரிக்கும். மார்ட்டினுக்கு ஒரே ஈடுதான்.

சட்டமும் இதைப் பார்த்துத்தான் பேசுகிறது. 1918இல் வந்த வலசைப் பறவைகள் சட்டம் மார்ட்டினைக் காக்கிறது. முட்டை வைத்த மார்ட்டின் கூட்டை நினைத்தபடி கலைக்க முடியாது. சிட்டுக்குருவிக்கும் ஸ்டார்லிங்குக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அம்மாவின் மகாலட்சுமி இங்கே பட்டியலுக்கு வெளியே.

அந்தக் குளிர்காலத்தில் சிமெண்டை உடைத்துக் கம்பத்தை மாற்றினேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்: கப்பியும் கயிறும் உள்ள கம்பம். கொடியை இறக்குவதுபோல வீட்டை நேராகக் கீழே இறக்கிப் பார்க்கலாம், முட்டை உருளாது. ஏணி வைத்துப் பார்க்கிற கம்பம் என்றால் முதல் மாதம் உற்சாகத்தில் பார்ப்போம், பிறகு பார்க்க மாட்டோம். பார்க்காத வீட்டில் குருவிதான் வளரும். பெரிய மரங்களிலிருந்து நாற்பது அடியாவது தள்ளி வைத்தேன். வீட்டிலிருந்து ரொம்பத் தூரமாகவும் போகவிடவில்லை, ஆள் நடமாட்டம் மார்ட்டினுக்குப் பிடிக்கும். கம்பத்தின் நடுவில் பாம்பு, ரக்கூன் ஏறாமல் இருக்க ஒரு தகரக் குழாய். எங்கள் பகுதியில் நம் சாரை மாதிரி ஒரு பாம்பு உண்டு, வழுவழுக் கம்பத்தில்கூட ஏறிவிடும்.

பறவைத் தீவனத் தட்டையும் எடுத்துவிட்டேன். மக்காச்சோளக் குருணையும் தினையும் போட்டுக் குருவியைக் கொல்லைக்கு வரவழைத்துவிட்டு, கம்பத்துக்கு மட்டும் வராதே என்றால் எப்படி? கார்டினல் என்ற சிவப்புப் பறவையைப் பார்க்காமல் இருக்க முடியாது என்றால் குசும்பா விதை போடலாம். குருவிக்கு அதில் அவ்வளவு நாட்டமில்லை. பேர்தான் குசும்பா, குசும்பு பண்ணுவது என்னவோ குருவிதான்.

2019. இந்த வருடம்தான் நான் செய்த பெரிய தப்பு. மார்ட்டின் ஒரு ஜோடி வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து அறையில் குருவி வைக்கோல் வைத்தால் உடனே கம்பத்தை இறக்கி அள்ளிப் போட்டேன். மறுநாள் மறுபடி வைக்கும், மறுபடி அள்ளுவேன். இரண்டு வாரம் இப்படியே போனது. ஒரு சனிக்கிழமை காலையில் கம்பத்தடிப் புல்லில் வெள்ளை வெளேரென்று நாலு முட்டை. மூன்று உடைந்திருந்தது. உடையாததில் ஊசியால் குத்தியதுபோல ஒரு துளை. மார்ட்டின் முட்டைகள். மேலே அந்தக் கறுப்புத் தொண்டை ஆண், மார்ட்டினின் அறை வாசலில் நின்று கத்துகிறது.

பெரியவர் கேட்டதும் தலையை ஆட்டினார். ஆண் குருவிக்கு ஜோடியைவிட இடம்தான் உயிர். தன் கூட்டைக் கலைத்துக்கொண்டே இருந்தால் அது ஊரைவிட்டுப் போகாது. அடுத்த அறைகளுக்குள் புகுந்து அங்கே இருக்கிற முட்டையைக் குத்தும், குஞ்சை இழுத்துப் போடும். பிடிக்க வழியில்லாமல் கலைத்தால் மட்டும் போதாது, அது கலைக்காமல் விடுவதைவிட மோசம். நான் பதினைந்து நாள் பாடுபட்டுச் செய்தது அதைத்தான்.

அவர் சொல்லித் தந்த முறை இது. குருவி கூடு கட்டட்டும், முட்டையும் இடட்டும். புள்ளி விழுந்த முட்டை அது, மார்ட்டின் முட்டை சுத்த வெள்ளை, குழம்ப வாய்ப்பில்லை. முட்டைகளை எடுத்துச் சமையல் எண்ணெய் தடவித் திரும்ப அதே இடத்தில் வைத்துவிடுவது. ஓட்டின் நுண்துளை அடைபட்டுக் கரு வளராது. குருவி தெரியாமல் அடைகாத்துக்கொண்டிருக்கும். ஆண் தன் கூட்டைக் காவல் காத்துக்கொண்டு அடுத்த வீட்டு விவகாரத்தில் தலையிடாமல் இருக்கும். கடையில் விற்கும் மர முட்டையை மாற்றி வைப்பவர்களும் உண்டு. இதில் எனக்கு மூன்று வாரம் மூச்சு விடக் கிடைக்கும். அதற்குள் ஆணைப் பிடிக்க வேண்டும்.

பிடிப்பதற்கு இரண்டு விதப் பொறி. ஒன்று கூட்டு அறைக்குள்ளேயே பொருத்துவது, பறவை உள்ளே கால் வைத்ததும் கதவு விழும். இன்னொன்று தரையில் வைக்கும் கூண்டு, ரொட்டித்துண்டும் தினையும் போட்டால் ஒன்றன்பின் ஒன்றாக நுழையும். எதுவானாலும் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடக் கூடாது. உள்ளே மாட்டியது வேறு பறவை என்றால் உடனே விட வேண்டும், டெக்சஸ் வெயிலில் ஒரு மணி நேரம் என்பது நீண்ட நேரம். பெண் சிட்டுக்குருவி வெறும் பழுப்பு. இந்த நாட்டின் சொந்தக் குருவிகள் சிலவும் அப்படித்தான் இருக்கும். சந்தேகம் வந்தால் திறந்துவிடுங்கள். நான் இன்றுவரை கறுப்புத் தொண்டையைத்தான் குறிவைக்கிறேன்.

பிடித்த பிறகு என்ன செய்வது? இந்தக் கேள்வியை யாரும் தாண்ட முடியாது. முதலில் பிடித்ததைக் காரில் வைத்து இருபது மைல் தள்ளி ஒரு பூங்காவில் விட்டுவிட்டு வந்தேன். பெரியவர் கேட்டார்: “அங்கே யாருடைய மார்ட்டின் இருக்கிறது என்று விசாரித்தீர்களா?” பதில் இல்லை. அவர் தன் கையாலேயே முடித்துவிடுவார், ஒரு நொடி. என்னால் இன்றும் முடியாது. காயம்பட்ட வல்லூறு, ஆந்தைகளைப் பராமரிக்கும் ஒருவர் எங்கள் பக்கம் இருக்கிறார். கூண்டோடு அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். கொலையை வேறொருவர் கைக்கு மாற்றுகிறேன் என்று எனக்கே தெரியும். சைவ வீட்டில் வளர்ந்தவனின் சாமர்த்தியம் என்று என் மனைவி சொல்வாள்.

ஸ்டார்லிங் கதை வேறு. இது நம் மைனாவின் குடும்பம். அதே நடை, அதே திமிர். அதே 2019இல், ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் வீட்டை இறக்கியபோது ஓர் அறையில் பெண் மார்ட்டின் செத்துக் கிடந்தது. தலையில் கொத்துக் காயம். நீண்ட அலகும் வலுவான காலும் உள்ள ஸ்டார்லிங் அறைக்குள் மார்ட்டினை மடக்கிவிட்டால் தப்பிக்க இடமில்லை.

நல்ல வேளையாக இதற்கு ஒரு வாசலே தீர்வு. வழக்கமான வட்ட வாசல் 2 1/8 அங்குல விட்டம். மார்ட்டின், ஸ்டார்லிங், குருவி எல்லாம் நுழையும். பிறை வாசல் என்பது அரைவட்டம் மாதிரி: அகலம் 3 அங்குலம், உயரம் 1 3/16 அங்குலம், அதாவது 30 மில்லிமீட்டர். மார்ட்டினுக்குக் குட்டைக் கால், தட்டையான நெஞ்சு. படுத்து ஊர்ந்து உள்ளே போய்விடும். ஸ்டார்லிங்குக்கு நெஞ்சு உயரம் கூடுதல், மாட்டிக்கொள்ளும். இந்த அளவில் தாராளம் காட்டக் கூடாது. நானே ஒரு பலகையை ரம்பத்தால் வெட்டினேன், 32 மில்லிமீட்டர் வந்துவிட்டது. அடுத்த வாரமே அந்த அறையில் வெளிர்நீல முட்டை! இரண்டு மில்லிமீட்டருக்கு அவ்வளவு விலை. அளவைப் போலவே இடமும் முக்கியம். வாசலின் அடிவிளிம்பு, அறைக்கு முன்னால் பறவை நிற்கும் வெளித்திண்ணையோடு ஒட்டினாற்போல இருக்க வேண்டும். உயரத்தில் வைத்தால் ஸ்டார்லிங் நிமிர்ந்து, நெஞ்சைச் சாய்த்து நுழைந்துவிடும். இப்போது அச்சில் வார்த்த தகடாகவே வாங்கிப் பொருத்துகிறேன்.

ஒரு சிக்கல். வட்ட வாசலில் பழகிய மார்ட்டின் பிறையைப் பார்த்து முதலில் திகைக்கும். ஒரு ஆண் அரை நாள் வாசலில் தலையை மட்டும் நுழைத்து நுழைத்து எடுத்ததைப் பார்த்துவிட்டு, அது திரும்பிப் போய்விடுமோ என்று நானே மாற்றிவிடலாமா என நினைத்தேன். ஆகவே புதிதாக வைப்பவர்கள் பாதி அறைகளை வட்டமாக விட்டு, பறவை கூடு கட்டி ஊன்றிய பிறகு மாற்றுவது நல்லது. ஒருமுறை பிறையில் பொரித்த குஞ்சுக்கு அதுதான் வாசல், அடுத்த வருடம் தயங்காது. பிறை வாசல் குருவியைத் தடுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிட்டுக்குருவி நுழைய முடியாத, மார்ட்டின் மட்டும் நுழைகிற வாசல் கிடையாது. குருவிக்கு நாம்தான் வாசல்காவல்.

நீல முட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. வேலியில் மாட்டியிருந்த சிறு பெட்டியில் ஒரு நாள் நீல முட்டை பார்த்து, ஸ்டார்லிங் என்று கூட்டோடு கையில் எடுக்கப் போனேன். பெரியவர் கத்தினார். அது புளூபேர்ட். சொந்த நாட்டுப் பறவை, சட்டம் காக்கும் பறவை. ஸ்டார்லிங் முட்டை பெரியது, கூடு குப்பை. புளூபேர்ட் மெல்லிய புல்லால் கிண்ணம்போல நேர்த்தியாகச் செய்திருக்கும். மார்ட்டின் கூட்டில் குச்சியும் மண்ணும், மேலே பச்சை இலையும் இருக்கும். இந்த நான்கு கூடுகளையும் பார்த்த மாத்திரத்தில் சொல்லத் தெரியாமல் யாரும் எதையும் கலைக்கக் கூடாது.

2020இல் இரண்டு ஜோடி, ஒன்பது குஞ்சுகள். பறவைகள் வரும்வரை எல்லா வாசலையும் மூடியே வைத்திருந்தேன். மார்ட்டின் கூரைமேல் உட்கார்ந்து சத்தம் கொடுத்த பிறகு நாலு அறை மட்டும் திறந்தேன். முதல் வருடத்திலிருந்தே இப்படிச் செய்திருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

2021 பிப்ரவரி டெக்சஸ் பனியை மறக்க முடியாது. மின்சாரம் இல்லை, தண்ணீர்க் குழாய் வெடித்தது. என் மார்ட்டின் மூன்று ஏற்கெனவே வந்திருந்தன. பூச்சி பறக்காத குளிரில் அவை சில நாள்தான் தாங்கும். பெரியவர் ஃபோனில் சொன்னபடி கேஸ் அடுப்பில் முட்டையை எண்ணெய் இல்லாமல் கிளறி, உதிரியாக்கி, பிளாஸ்டிக் கரண்டியால் வானத்தில் சுண்டினேன். முதல் நாள் அவை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெருவே இருட்டில் கிடக்க நான் மட்டும் கம்பளித் தொப்பியோடு கொல்லையில் முட்டைப் பொரியல் எறிந்துகொண்டிருந்தேன். இரண்டாம் நாள் ஒரு ஆண் பாய்ந்து பிடித்தது. மற்ற இரண்டும் அறையிலேயே செத்துவிட்டன. டெக்சஸ் முழுக்க அந்த வாரம் நிறைய மார்ட்டின்கள் செத்தன. பனி உருகிய மறுநாள் காலியான அறையில் வைக்கோலோடு நின்றது யார் என்று சொல்லத் தேவையில்லை. விதை தின்னும் பறவைக்குப் பனி ஒரு பொருட்டே இல்லை.

இப்போது அலுமினிய வீட்டோடு பன்னிரண்டு பிளாஸ்டிக் சுரைக்குடுக்கைகளும் தொங்குகின்றன. போன வருடம் பதினாலு ஜோடி. ஐந்து நாளுக்கொருமுறை இறக்கி, எண் போட்ட ஒவ்வொரு அறையையும் பார்த்து நோட்டில் எழுதுவேன். பெண்கள் 15, 16 நாள் அடைகாக்கும், பொரித்து நாலு வாரத்தில் குஞ்சு பறக்கும். இருபத்திரண்டாம் நாளுக்கு மேல் குஞ்சுள்ள அறையைத் திறப்பதில்லை, பயந்து முன்னதாகவே குதித்துவிடும். ஜூலையில் கூட்டமாகப் போய்விடும். அதன் பிறகு எல்லாவற்றையும் கழுவி, வாசலை மூடி, குடுக்கைகளைக் கராஜில் தொங்கவிட்டால் வருடக் கணக்கு முடிந்தது.

2023 ஏப்ரலில் அம்மா வந்தார். காலையில் நான் அலுவலகக் கூட்டத்தில் இருக்கும்போது வெளித் திண்ணையில் உட்கார்ந்து தட்டில் மிஞ்சிய சாதத்தைப் புல்லில் இறைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் இருபது குருவி. “ஊர்லகூட இத்தனை பார்த்து எத்தனை வருஷமாச்சு” என்று அவருக்கு ஒரே சந்தோஷம். மார்ட்டின் முட்டை வைத்திருந்த வாரம். சொல்லிப் பார்த்தேன். இது அந்நிய நாட்டிலிருந்து வந்தது, அந்தப் பறவையின் வீட்டைப் பிடுங்குகிறது என்றேன். அம்மா என்னையும் வீட்டையும் கொல்லையையும் ஒருமுறை பார்த்தார். “நீயும்தாண்டா எங்கேயிருந்தோ வந்தே” என்றார்.

சாதத்தைக் குப்பைத்தொட்டியில் போடச் சொல்லவும் மனசு வரவில்லை. மனைவிதான் வழி கண்டாள். மிஞ்சுகிற சாதத்தைக் காலையிலேயே பழங்கலத்தில் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவாள். பழைய சாதத்தைக் குருவிக்குப் போட அம்மா ஒப்பவில்லை, அதை அவரே சாப்பிட்டுவிடுவார். கம்பத்தை இறக்கும்போது அம்மாவைக் கூப்பிட்டு மார்ட்டின் குஞ்சுகளைக் காட்டினேன். கண் திறக்காத ஐந்து குஞ்சு, பச்சை இலைமேல். “தொடலாமா?” என்று கேட்டார். தொடலாம் என்றேன்.

செப்டம்பரில் அவரை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன். அந்தக் குளிர்காலத்தில் தரைக் கூண்டில் பதினொரு குருவிகளைப் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் அம்மா முதலில் கேட்பது அதுதான்: “குருவியெல்லாம் வருதாடா?” “குறைஞ்சிருக்கும்மா” என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறேன்.